மெனுவில் இல்லாத காரணம்

இரண்டு வாரத்துக்கு முன்பு, ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். போட்டிருந்தால் அரை நிமிட வேலை. போடாததால் பத்து வருட வாடிக்கை கையைவிட்டுப் போகப் பார்த்தது.

உங்களுக்குத்தான் தெரியுமே... வாரத்தில் ஒருநாள்தான் நான் எழுத்தாளன். மற்ற ஆறு நாளும் போடியில் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் வயர் இழுக்கிற ஆள். எங்கள் ஊர் ஏலக்காய் வியாபாரி ஒருவருக்கும் நான்தான் அந்த வேலை பார்க்கிறேன். பஜாரில் ஆபீஸ், ஊருக்கு வெளியே குடோன், குரங்கணிக்கு மேலே காய் உலர்த்துகிற ஸ்டோர் — மூன்றும் ஒரே நெட்வொர்க். மலையில் காய் எடை போட்டால், அடுத்த நொடி பஜார் கம்ப்யூட்டரில் தெரியும்.

எங்கே இணைப்பு அறுந்தாலும் உடனே சொல்கிற சாஃப்ட்வேர் வேண்டும் என்றார் முதலாளி. மூன்று கம்பெனிகளின் சாஃப்ட்வேரை ஐப்பசி மாதம் முழுக்க இலவசமாக ஓடவிட்டோம். எது நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்வது என் பொறுப்பு.

முதலாவது, பார்க்க அவ்வளவு அழகு. மேப், மலை, பச்சைப் புள்ளி என்று மின்னும். இரண்டாவது, எந்த நெட்வொர்க் பெட்டி எங்கே இருக்கிறது என்று தானே தேடிக் கண்டுபிடித்துவிடும் — கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தாலும் என் போனுக்கு மெசேஜ் வரும். நச்சரிப்பு தாங்க முடியவில்லை. மூன்றாவதற்கு முகமே கிடையாது. வெறும் பட்டியல்.

ஒரு விஷயத்தில் மட்டும் மூன்றும் ஒத்துப்போயின. மலை ஸ்டோர் அந்த மாதத்தில் இருபத்து மூன்று தடவை நெட்வொர்க்கிலிருந்து காணாமல் போயிருக்கிறது.

அழகான சாஃப்ட்வேரின் பிரதிநிதி, மாதக் கடைசியில் அறிக்கையோடு பஜார் ஆபீஸுக்கு வந்தார். 'காரணம்' என்ற இடத்தில் இருபத்து மூன்று தடவையும் ஒரே பதில் — மனிதத் தவறு. பொறுப்பானவர், பஞ்சவர்ணம். பரிந்துரை, ஆளை மாற்றவும். அதற்குக் கீழேதான் என் கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது.

பஞ்சவர்ணம் அக்காதான் அந்த ஸ்டோருக்குப் பொறுப்பு. ஸ்டோரை ஒட்டிய கம்பெனி வீட்டில்தான் குடும்பம் இருக்கிறது. வேலை போனால் வீடும் போகும்.

"வயரைக் கழட்டுறது அந்தம்மாதானாமே தம்பி... ஸ்டோர் கேமராவுல தெரியுதுன்னு இவரு சொல்றாரு" என்றார் முதலாளி.

ஆமாம், அக்காதான் கழட்டுகிறார். ஏன் கழட்டுகிறார்? அதை எந்த சாஃப்ட்வேராவது கேட்டதா?

ஸ்டோர் பக்கத்தில் உயரமான கம்பம், அதன் உச்சியில் நெட்வொர்க் சிக்னல் வாங்குகிற டிஷ். அங்கே இடி இறங்கினால் வயர் வழியே உள்ளே வந்து பெட்டிகளையெல்லாம் கருக்கிவிடும். ஆறு வருடத்துக்கு முன்பு அப்படித்தான் மொத்தமும் எரிந்து, சீசன் நடுவில் நாலு நாள் வேலை நின்றது. அன்றைக்கு அக்காவிடம் நான்தான் சொன்னேன் — வானம் கறுத்தால் யாரையும் கேட்க வேண்டாம், பிளக்கையும் டிஷ் வயரையும் கழட்டிவிடுங்கள் என்று. அதற்குப் பிறகு அங்கே ஒரு பெட்டிகூட எரியவில்லை. எரியாத பெட்டியை எந்த ரிப்போர்ட் எண்ணுகிறது?

பிரதிநிதியிடம் இதைச் சொன்னேன். பொறுமையாக விளக்கினார். திட்டமிட்டு நிறுத்துவதென்றால் முன்கூட்டியே நேரத்தைப் பதிவு செய்துவிட வேண்டுமாம். அதாவது, நாளைக்கு எத்தனை மணிக்கு இடிக்கும் என்று இன்றைக்கே எழுதிவைக்க வேண்டும்! சரி, காரணங்களின் மெனுவைத் திறந்து பார்த்தேன். மின்தடை, வயர் துண்டிப்பு, கருவிப் பழுது, மனிதத் தவறு... அவ்வளவுதான். புதிதாக ஒன்று சேர்க்கலாமா என்றேன். சிஸ்டம் அனுமதிக்காது என்றார்.

எனக்கு வந்ததே கோபம்.

"அண்ணே, கழட்டச் சொன்னது நான். ஆளை மாத்தணும்னா என்னைய மாத்துங்க. இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வீறாப்பாகத்தான் எழுந்து வந்தேன். படியிறங்கும்போதே பத்து வருட வாடிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பொய் சொல்வானேன்.

இரண்டு நாள் கழித்து முதலாளி ஜீப்போடு என் கடை வாசலில் நின்றார். வண்டியில் ஏறச் சொன்னார். நேராக மலை ஸ்டோருக்குப் போனோம்.

சேதி அக்காவுக்கு ஏற்கெனவே போயிருந்தது. ஆனாலும் கண்ணைக் கசக்கவில்லை. நெட்வொர்க் அறுந்தால் ஆபீஸில் எவ்வளவு சிரமம் என்று முதலாளி எடுத்துச் சொல்ல, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா ஜன்னல் வழியே எதிர் மலையைப் பார்த்தார். எழுந்து போனார். பிளக்கையும் வயரையும் கழட்டி ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றார். முதலாளி முன்னாலேயே!

"ஏம்மா, இடிச் சத்தமே கேக்கலையே?"

"கேட்டப்புறம் கழட்டி என்னத்துக்கு ஆகும் மொதலாளி? நீங்க என்ன வேணும்னாலும் எழுதிக்கங்க. இருட்டிக்கிட்டு வந்தா நான் கழட்டத்தான் செய்வேன்."

முதலாளியின் போன் சிணுங்கியது. அழகான சாஃப்ட்வேர்தான் — மலை ஸ்டோர் துண்டிப்பு, காரணம் மனிதத் தவறு. அவர் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது விழுந்தது பாருங்கள் ஓர் இடி... ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முதலாளி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அக்காவிடம் பாலில்லாத ஒரு கட்டங்காப்பி கேட்டார்.

முகமில்லாத மூன்றாவதைத்தான் வாங்கினோம். அதில் காரணத்தை நாமே எழுதலாம். கம்பெனி நடத்துகிற வாசகர்களுக்கும் அதையேதான் சொல்வேன். எத்தனை கலர் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். உங்கள் ஆள் தன் பக்கத்துக் காரணத்தை எழுத அதில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் விடாத எதற்கும், வேலை பார்க்கிறவன் எப்போதும் தவறாகத்தான் தெரிவான்.

இந்த வார அறிக்கை வந்துவிட்டது. மலை ஸ்டோர் துண்டிப்பு, நான்கு முறை. காரணம், வானம் கறுத்தது; பஞ்சவர்ணம் கழட்டினார். எரிந்த பெட்டி, இல்லை.

கீழே என் கையெழுத்து — வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே!