சறோ அக்காவும் ஸ்டார்ட் வராத நீலக் காரும்

சறோ அக்கா போய்விட்டார் என்று தேவி தொலைபேசியில் சொன்னபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைக் கூடத் துடைக்காமல் அப்படியே குந்திவிட்டேன். பம்பலப்பிட்டிக் கந்தோரில் எங்களோடு வேலை செய்த உங்களுக்கும் இந்நேரம் செய்தி வந்திருக்கும். அழுங்கள், பரவாயில்லை. இதையும் ஒருக்கால் கேளுங்கள்.

அவருடைய பழைய நீலக் காரை யார் மறப்பீர்கள்? "இது இன்ஜெக்ஷன் கார்" என்று பெருமையடிப்பார். அதுவோ மனம் வந்தால்தான் ஸ்டார்ட் வரும். சாவியை முதலில் பாதிதான் திருப்புவார். "பொறுங்கோ பிள்ளையள், பின்னால பம்ப் இரையுதோ எண்டு கேப்பம். இரையாட்டில் பெற்றோல் வராது. சும்மா ஸ்டார்ட் அடிச்சால் பற்றரிதான் சாகும்" என்பார். நாங்களும் வாயை மூடிக்கொண்டு காது கொடுப்போம்.

யுத்த காலத்தில் ஒரு பின்னேரம் அவர், தேவி, நான் மூவரும் வெள்ளவத்தைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காலி வீதிச் சோதனைச் சாவடியில் வழக்கம்போல எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். சறோ அக்காவும் தேவியும் கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்தவர்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். என்னை மட்டும் இறக்கி ஓரமாக நிற்கச் சொன்னார்கள். விசாரணைக்கு ஏற்றிப் போவார்களாம், மற்றவர்கள் போகலாமாம். அப்படி ஏற்றப்பட்டுத் திரும்பி வராதவர்களை எங்கள் ஒழுங்கை வீடுகளிலேயே எனக்குத் தெரியும்.

கார் ஸ்டார்ட் வரவில்லை. சாவடியில் நகராத கார் என்றால் விளங்கும்தானே, துவக்குகள் உயர்ந்துவிட்டன. சறோ அக்காவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. துவக்கை நீட்டிய இராணுவப் பொடியனைத் தம்பி என்று சிங்களத்தில் 'மல்லி' போட்டே கூப்பிட்டார். "மல்லி, துவக்கைக் கீழ பிடியுங்கோ. குண்டுமில்லை, ஒரு கோதாரியுமில்லை. பம்ப் இரையேல்லை, அவ்வளவுதான்" என்றார். பம்பின் பியூஸ் எரிந்துவிட்டதோ என்று, ஹோர்ன் பியூஸைக் கழற்றி அதற்குப் போட்டுப் பார்த்தார். அப்போதும் சத்தமில்லை. "அப்ப பம்புதான் இறுகிப்போச்சு. நான் சாவியைத் திருப்பேக்க, பின்னால பெற்றோல் தாங்கிக்குக் கீழ சப்பாத்தால ஓர் உதை விடுங்கோ மல்லி!"

அந்தப் பொடியன் முழித்தான். பிறகு குனிந்து உதைத்தான். பம்ப் இரைந்தது, கார் பிடித்துக்கொண்டது. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி அக்கே, போங்க" என்றான்.

சறோ அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். சாவியைத் திருப்பி, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தினார்.

"ஐயோ அக்கா, என்ன செய்யிறியள்!" என்று தேவி கத்தினாள்.

"அவள் என்னோட வந்தவள், மல்லி. அவள் ஏறாமல் இந்தக் கார் ஓடாது."

பின்னால் பஸ்ஸும் லொறியும் ஹோர்ன் அடித்துக் காதைக் கிழித்தன. சாவடிக்குப் பொறுப்பான பெரியவர் ஒருவர் வந்து என் அட்டையைப் பார்த்தார், நீண்ட வரிசையைப் பார்த்தார், சறோ அக்காவையும் பார்த்தார். அட்டையை என் கையில் திணித்து, "ஏறு" என்றார். யாரும் சொல்லாமலே பொடியன் பின்னால் போய் இன்னோர் உதை விட்டான்.

இப்படியொரு மனுசியோடு ஒரே மேசையில் சாப்பிட்டேன் என்பதில் எனக்குத் தலைகொள்ளாத பெருமை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "அக்கா, திரும்ப ஸ்டார்ட் வராட்டில் என்ன செய்திருப்பியள்?" என்று கேட்டேன். அவர் தந்த பதிலைத்தான் நான் எனக்கென்று வைத்திருக்கிறேன்.

"வராட்டில் என்ன, மூண்டு பேரும் அங்கையே நிண்டிருப்பம்."