பாலத்தருகே நின்ற புள்ளி

பல் செட் செய்யும் இடத்தில் வேலை பார்த்த அவளுக்குத் தெருவில் ‘ஏரியல் அக்கா’ என்றுதான் பெயர். மொட்டை மாடியில் மூன்று ஏரியல்கள் நட்டிருந்தாள். லைசென்ஸ் வாங்கி வீட்டிலிருந்தே ரேடியோவில் ஊர் உலகத்தோடு பேசும் அமெச்சூர் ரேடியோ அவளுக்கு இருபது வருடப் பைத்தியம். கல்யாணத்துக்கு நேரமில்லை என்பாள்.

அவள் தம்பி மாட்டு டாக்டர். வாரத்தில் நான்கு நாள் ஜீப்பில் மலைக்குப் போவான். மூன்றாவது வளைவு தாண்டினால் செல்போன் செத்துவிடும். அவன் திரும்பும்வரை வீட்டில் எல்லோர் கண்ணும் வாசலில்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள் அக்கா. ரேடியோ பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டவனை மூன்றாம் தடவை உட்காரவைத்து லைசென்ஸ் வாங்கவைத்தாள். அப்புறம் ஜீப்புக்கு ஒரு டிராக்கர் வாங்கினாள். தான் இருக்கும் இடத்தை ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும் கையகலப் பெட்டி அது. அக்காவின் கம்ப்யூட்டர் வரைபடத்தில் அது ஒரு புள்ளியாக விழும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதை அமைப்பதிலேயே போயிற்று. பெட்டியை ஜீப் பேட்டரியோடு இணைத்துவிட்டு, லேப்டாப்பும் கையுமாக முன்சீட்டில் உட்கார்ந்தாள். லைசென்ஸோடு தம்பிக்குக் கொடுத்திருந்த அழைப்புக்குறியில் ஓர் எழுத்து தவறிவிட, யாரோ ஒருவருடைய குறி ஆகிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினாள். வண்டி ஓடினால் நிமிஷத்துக்கு ஒரு செய்தி, நின்றால் அரை மணிக்கு ஒன்று. போகிற போக்கில், பேட்டரி வோல்டேஜையும் சேர்த்து அனுப்பும்படி ஒரு டிக் போட்டாள்.

“அது எதுக்கு அண்ணி? இடம் தெரிஞ்சா போதாதா?” என்றாள் தம்பி மனைவி.

“இருந்துட்டுப் போகட்டுமே, காசா பணமா?”

செவ்வாய்க்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் சாப்பிட வந்த அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். புள்ளி ஆற்றுப் பாலத்தருகே நின்றிருந்தது. இரண்டரை மணி நேரமாக அங்கேயே. அதற்குள் தம்பி மனைவி நனைந்தபடி ஓடிவந்தாள்.

“அண்ணி, பாலத்துக்கிட்ட மண்ணு சரிஞ்சிருச்சாம்! அவரு எங்க?”

அக்கா வந்த செய்திகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கடைசியாக வந்ததற்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. இடம் மாறவில்லை. ஆனால் வோல்டேஜ்? பன்னிரண்டரை, பதிமூன்று புள்ளி ஒன்பது, மறுபடி பன்னிரண்டரை, இப்போது பதிமூன்று புள்ளி ஒன்பது.

“இங்க பாரு. இஞ்சின் ஓடினாத்தான் பதினாலுகிட்ட நிக்கும். அணைச்சிருக்காங்க, திரும்பப் போட்டிருக்காங்க. யாரோ சாவியைத் திருப்புறாங்க.”

“யாரோவா?”

“உன் புருஷன்தான்டி! அந்த ஓட்டை ஜீப்பு வேற யாரு திருப்பினா கிளம்பும்?”

தம்பி மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

நாலரைக்குப் புள்ளி நகர்ந்தது. ஆறு மணிக்கு ஜீப் வாசலில் வந்து நின்றது.

“பாதி வழியில ரோடு அடைஞ்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கன்னுக்குட்டி குளிர்ல விறைச்சுப் போச்சு” என்றான் தம்பி. “ஹீட்டர் போட்டு மடியில வெச்சிருந்தேன். டீசல் தீந்துடக் கூடாதேன்னு அப்பப்ப அணைச்சேன். பொழைச்சுக்கிச்சு. ஆஸ்பத்திரியில விட்டுட்டுத்தான் வர்றேன்.”

தம்பி மனைவி பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். அவன் தலையைத் தலையை ஆட்டினான். சட்டையெல்லாம் மாட்டு வாடை.

“உள்ள விட்டுட்டுத் திட்டுடி, நனையறான் பாரு” என்றாள் அக்கா. அவன் குளிக்கப் போனதும் இரண்டு பெண்களும் சுவரில் சாய்ந்துகொண்டு, அவன் கன்றுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.