எவாரிஸ்தோவுக்கு ஆகாத சங்கோச்சோ

புயல் போன மூன்றாம் நாள் காலையில் எங்கள் மலையிலிருந்த எல்லா ஃப்ரீசர்களும் ஒழுகத் தொடங்கின. கரண்ட் வர மாதக்கணக்காகும் என்று பேச்சு. ஊருக்கு இறங்கும் ஒரே பாதை மண் சரிந்து மூடிக் கிடந்தது. மண்ணுக்கு மேல் மரங்கள் ஒன்றன்மீது ஒன்றாக விழுந்திருந்தன. இறைச்சி கெடுவதற்குள் அத்தனையையும் ஒரே பானையில் போட்டு, கிழங்கும் சேர்த்துக் கெட்டிக் குழம்பாகச் சங்கோச்சோ வைத்துவிடலாம், பாதை வெட்டுகிறவர்களுக்கும் வயிறு நிறையும் என்று சொன்னது எதிர்வீட்டு இலுமினாடா அக்காதான்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். நூறு பேருக்குச் சமைப்பது அவருக்குப் பெரிய காரியமில்லை. அன்று அவருடைய கவலையெல்லாம் புருஷன் எவாரிஸ்தோதான். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் மூன்று வருடமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள் ஊரில் டயாலிசிஸ். கடைசியாகச் செய்துகொண்டது செவ்வாய்க்கிழமை. அன்று சனி. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று இரண்டு இரவாக நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

சிமெண்ட் கல் மூன்றை வைத்து அடுப்பு மூட்டினோம். மாட்டுக்கறி, பன்றி விலா, என் வீட்டுக் கோழி இரண்டு எல்லாம் முதலில் வெந்தன. பிறகு மரவள்ளி, சேப்பங்கிழங்கு, வாழைக்காய், பரங்கி, மக்காச்சோளம். காற்றில் சாய்ந்த தோட்டங்களிலிருந்து ஆளாளுக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். கிழங்கு கரையக் கரைய குழம்பு கெட்டியாகி, வாசனை மலையெல்லாம் பரவியது.

அந்தக் கிழங்குச் சாறுதான் எவாரிஸ்தோவுக்கு விஷம். அதிலுள்ள பொட்டாசியம் என்ற உப்புச்சத்து ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்காக அக்கா தனிச் சட்டியில் நாலு துண்டு கிழங்கை இரண்டு முறை வேகவைத்து, இரண்டு முறையும் தண்ணீரைக் கொட்டினார். குடிக்கவே தண்ணீர் அளந்து கொடுத்த நாட்கள் அவை.

எவாரிஸ்தோ தட்டைப் பார்த்தார். "இது சாப்பாடா, தண்டனையா?"

"உசுரோட இருக்கணும்னா இதான்."

"அந்த சேம்பு நான் நட்டது, இலுமினாடா. என் கையால நட்டது."

அக்கா தட்டை அவர் பக்கம் இன்னும் நகர்த்தி வைத்தார்.

பத்து மணிக்குப் பாதையிலிருந்து ஆள் வந்தான். மண்ணை அள்ளிவிடலாம், மரத்தை அரிவாளால் வெட்ட ஒரு வாரமாகும் என்றான். எங்கள் பக்கத்தில் மரம் அறுக்கும் மெஷின் வைத்திருந்தது ஒரே ஆள், மேல்வீட்டுக் கிந்தீன். ஒரு வெண்ணெய்ப்பழ மரம் வேலிக்கு எந்தப் பக்கம் என்று அவரும் எவாரிஸ்தோவும் கோர்ட்டு வரை போனவர்கள். ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அக்கா கரண்டியை என் கையில் திணித்தார். "பானைய விட்டு நகராத. அவரு பக்கத்துல வந்தா சத்தம் போடு." சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

அங்கே நடந்ததைக் கிந்தீனின் மனைவி பிறகு சொன்னாள். கிந்தீன் படியிலேயே நின்று, "உங்க வீட்டுக்காரர் வந்து கேக்கட்டும்," என்றாராம்.

"அவரால நாலு எட்டு நடக்க முடியாது. நான் வந்திருக்கேன், போதாதா?"

"மெஷின்ல பெட்ரோல் இல்ல."

"எங்க வண்டியில இருக்கு. உறிஞ்சி எடுத்துக்கோ."

கிந்தீன் கீழே நின்ற வண்டியைப் பார்த்தார். "அப்புறம் அவர எதுல கொண்டுபோவீங்க?"

"அந்தப் பக்கம் போய்ச் சேந்தா ஏதாவது வண்டி வரும். இந்தப் பக்கமே இருந்தா வண்டி எதுக்கு, கிந்தீன்? பெட்டி செய்யத்தான் ஆள் தேடணும்."

அவர் உள்ளே போய் மெஷினோடு வந்தார். "வாங்கக்கா," என்றார்.

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். தீ அணைகிற மாதிரி இருந்தது. விறகு எடுக்கக் கொல்லைக்குப் போனேன். இரண்டு நிமிடம் இருக்காது. திரும்பி வந்தபோது எவாரிஸ்தோ பானையருகே நின்றிருந்தார். கையில் கிண்ணம், உதட்டில் எண்ணெய். அதே நேரம் அக்காவும் இறங்கி வந்துவிட்டார்.

"எவ்வளவு குடிச்சீங்க?"

"ரெண்டு ஸ்பூன். சும்மா ருசிக்கு."

அக்கா கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. கரண்டியை வாங்கிக்கொண்டு, "போய்ச் சொல்லு, சாயந்திரத்துக்குள்ள பாதைய தெறக்கணும்னு," என்றார்.

மரம் அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்சம் நின்றாலும் எல்லோரும் பாதைப் பக்கம் பார்த்தோம். பாதை வெட்டுகிறவர்கள் இரண்டிரண்டு பேராக வந்து நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடினார்கள். கிந்தீன் மட்டும் வரவில்லை. அக்கா ஒரு டப்பாவில் ஊற்றி அனுப்பினார். "உப்பு பத்தல," என்று சொல்லிவிட்டு டப்பாவை வழித்துத் தின்றாராம்.

மூன்று மணிக்கு எவாரிஸ்தோவுக்கு உதடு மரத்துப்போனது. கை பலமில்லாமல் தொங்கியது. அக்கா நாடியைப் பிடித்துப் பார்த்தார். நடுநடுவே அது காணாமல் போனது. பாதை முழுதாகத் திறக்கவில்லை, ஆள் நுழைய இடம் இருக்கிறது என்று செய்தி வந்ததும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு சேர்த்துக் கட்டி நாலு பேர் தூக்கினார்கள். நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தவர்களில் ஒருவர் கிந்தீன். முழங்கால் வரை சேறு. ஒருவர் வழுக்கினால் ஐந்து பேரும் பள்ளத்தில்.

பாதி வழியில் எவாரிஸ்தோ கண்ணைத் திறந்தார். "ரெண்டு ஸ்பூன் இல்ல. ஒரு கிண்ணம்," என்றார்.

"தெரியும்," என்றார் அக்கா. "பேசாதீங்க."

அந்தப் பக்கம் தண்ணீர் கொண்டுவந்த லாரி ஒன்று வழியில்லாமல் நின்றிருந்தது. டிரைவர் எதுவும் கேட்காமல் பின்கதவைத் திறந்தார். ஊர் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் வைத்து ஆளுக்கு இரண்டு மணிநேரம் மட்டும் டயாலிசிஸ் மெஷினில் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் ஊசி போட்டு இதயத்தைக் காப்பாற்றினார்கள். இன்னும் ஒரு மணிநேரம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று நர்ஸ் அக்காவிடம் சொன்னாராம். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து, சேறு காய்ந்த கையோடு அழுதிருக்கிறார்.

அதன்பின் எவாரிஸ்தோ நான்கு வருடம் இருந்தார். கிந்தீனோடு நட்பு என்று சொல்லமுடியாது. வழியில் பார்த்தால் தொப்பியைத் தொடுவார்கள், அவ்வளவுதான். கோர்ட்டு வழக்கை மட்டும் யாரும் தொடரவில்லை. எவாரிஸ்தோ இறந்தபோது முதல் ஆளாகக் கிந்தீன் வந்து, துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டார். அக்கா இப்போதும் எதிர்வீட்டில்தான் இருக்கிறார். என்னிடம் அந்தக் கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.