பக்கத்து வீட்டு நானூறு

வெண்டல் பச்சேக்கோவின் பொறாமை பிறவிக்குணம் இல்லை, வேலையில் ஒட்டிக்கொண்டது. ஹவாய்ப் பெரிய தீவில், எங்கள் ஹீலோ ஊரில், இருபத்தொன்பது வருஷமாக வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன் அவன். வேலியோரம் குனிந்து மூடியைத் தூக்கி எண்ணைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரில் அந்த வீட்டு வண்டிக்கொட்டகை திறந்து கிடக்கும். யாருக்குப் படகு வந்தது, யாருக்குப் புது பிக்கப் வந்தது என்பதெல்லாம் தெருவுக்கு முன்னால் வெண்டலுக்குத் தெரியும். மழை ஓயாத ஊரில் நனைந்த கோட்டோடு நின்றுகொண்டு, பிறத்தியார் வண்டிகள் உலர்ந்த இடத்தில் நிற்பதைப் பார்ப்பதே பிழைப்பு என்றால், மனுஷனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆனால் படகுக்கும் பிக்கப்புக்கும் எரிந்தது வெறும் கதகதப்பு. நிஜத் தீ வேறொன்றுக்கு எரிந்தது. ஜப்பானில் ஒரு நானூறு சிசி பைக் இருந்தது. எஞ்சினை மறைக்கும் மூடாப்பு எதுவும் கிடையாது. முன்னால் ஒரே வட்ட விளக்கு, நடுவில் நாலு சிலிண்டர் எஞ்சின், நாலு குழாயும் பளிச்சென்று வெளியே தெரியும். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாத வண்டி. அமெரிக்காவில் அதை விற்கவே இல்லை. இங்கே நானூறை யாரும் சீந்தமாட்டார்கள் என்று கம்பெனிக்காரன் நினைத்துவிட்டான். வெண்டல் கலிபோர்னியாவில் இருந்த அலுவலகத்துக்குப் பதினோரு கடிதம் எழுதினான். அவர்கள் ஒரு தொப்பி அனுப்பினார்கள்.

அந்த எஞ்சினில் ஒரு விசேஷம். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஆறாயிரத்தைத் தாண்டி ஏறும்போது உள்ளே மூடிக்கிடந்த வால்வுகளும் சேர்ந்து திறக்கும். சத்தம் சட்டென்று வேறாகிவிடும். முனகிக்கொண்டிருந்தது பாட ஆரம்பிக்கும். கம்ப்யூட்டரில் வீடியோ போட்டு வெண்டல் அதை ஆயிரம் தடவை கேட்டிருப்பான். நேரில் ஒரு தடவைகூட இல்லை.

"அதான் உடுப்புப் போடாத வண்டியா? வருஷக்கணக்கா உத்து உத்துப் பாக்குறியே, வெக்கமா இல்ல?" என்பாள் அவன் மனைவி ஷெர்லீன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். நானூறு குழந்தைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வருகிறவளுக்கு நானூறு என்றால் அதுதான் நினைவுக்கு வரும்.

அமெரிக்காவுக்கென்று செய்யாத வண்டிக்கு இருபத்தைந்து வயது ஆனால்தான் உள்ளே விடுவார்கள். வெண்டல் அதற்காகக் காத்திருந்தான். வயதும் ஆயிற்று. பார்த்தால், அவனைப் போலவே நாடு முழுக்க ஆயிரம் பேர் விரல்விட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஒரே வருஷத்தில் விலை மூன்று மடங்காகிவிட்டது. கொட்டகையில் ஏற்கெனவே நின்ற ஆயிரத்து இருநூறு சிசி உள்ளூர் வண்டியைத் துடைத்துக்கொண்டு, முகம் தெரியாத அந்த ஆயிரம் பேரையும் திட்டித் தீர்த்தான்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கிளைட் நகாவோ மறுகல்யாணம் செய்துகொண்டான். ஆந்தூரியப் பூத்தோட்டம் வைத்திருந்தவன், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவன். ஜப்பானுக்குச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போன இடத்தில் கீஃபு ஊரிலிருந்து சடோமி என்ற ஐம்பது வயதுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். மூன்று மாதம் கழித்து அவள் சாமான்கள் பெட்டியில் வந்து இறங்கின. அரிசிக் குக்கர், மெத்தைகள், ஒரு தையல் மெஷின். கடைசியாக, வெள்ளையில் சிவப்புக் கோடு போட்ட அந்த நானூறு.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற வெண்டல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"டேய் கிளைட், இது எப்பிடிடா உனக்கு?"

"எனக்கு எங்க? சடோமியோடது. அவ அங்க மோட்டார் பைக் ஓட்டக் கத்துக்குடுக்குற பள்ளிக்கூடத்துல வாத்தியார். பத்தொம்பது வருஷம். விட்டுட்டு வரும்போது பழைய வண்டி ஒண்ணக் கொண்டுபோன்னு குடுத்துட்டாங்களாம்."

"சும்மாவா?"

"சும்மாத்தான். அங்க எல்லாரும் இதுலதான் விழுந்து விழுந்து பழகுறாங்க. கழிச்சுப் போட்ட வண்டி."

கழிச்சுப் போட்ட வண்டி! அன்று ராத்திரி வெண்டலுக்குச் சோறு இறங்கவில்லை. தான் ஒரு ஆயுசு ஏங்கியதை ஒரு தேசமே குப்புறத் தள்ளிப் பழகியிருக்கிறது என்ற நினைப்பு அவனைத் தின்றது. விழுந்தவர்கள் மேலும் பொறாமை வந்தது. அவனுக்கு அதிலிருந்து விழக்கூடக் கொடுத்துவைக்கவில்லையே.

அதற்கப்புறம் நடந்ததுதான் தாங்கமுடியாதது. வண்டிக்குப் பதிவு முடிந்ததும் சடோமி அதில் கடைக்குப் போய் முட்டைக்கோசு வாங்கி வந்தாள். தபால் நிலையத்துக்குப் போனாள். நேராக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துப் பார்த்து, ஆமை வேகத்தில் போனாள். பயிற்சி வண்டி என்பதால் அதன் முன்னாலும் பின்னாலும் சின்னச் சின்ன வர்ண விளக்குகள் உண்டு. ஓட்டுகிறவர் எந்த கியரில் இருக்கிறார் என்று வாத்தியார் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வதற்கு. முதல் கியருக்கு நீலம், இரண்டுக்குப் பச்சை, மூன்றுக்கு மஞ்சள். வெண்டல் வாசலில் உட்கார்ந்து பார்த்தான். நீலம். பச்சை. மறுபடி நீலம். ஒரு மாதமாக மஞ்சள் எரியவே இல்லை.

"நாய் பெற்ற தெங்கம்பழம்," என்று ஷெர்லீனிடம் பொருமினான். "தானும் திங்காது, அடுத்தவனையும் திங்க விடாது."

"போய் ஒரு தடவ ஓட்டிட்டுத் தரேன்னு கேளேன். பொம்பள கடிச்சா தின்னுடுவா?"

மறுநாள் கேட்டான். கையில் ஒரு பெட்டி மலசாடா உருண்டை வேறு, எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை புரட்டியது, சூடு ஆறாமல். சடோமி குனிந்து வணங்கி வாங்கிக்கொண்டாள்.

"அந்த ஆறாயிரத்துல சத்தம் மாறுமே, சடோமி-சான், எப்பிடி இருக்கும்?"

"தெரியாதுங்க. கேட்டதில்ல."

"பத்தொம்பது வருஷமா!"

"பள்ளிக்கூட மைதானம் சின்னதுங்க வெண்டல்-சான். அவ்வளவு வேகம் போனா சுவர்ல மோதணும். அதோட, சத்தம் எதுக்குங்க? வண்டி விழாம நிக்கிறதுதான முக்கியம்."

வெண்டலுக்கு அவளை என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒரு தடவை மலைச்சாலையில் கொண்டுபோய் வரட்டுமா என்று கேட்டான்.

"தாராளமா. பலகைய மட்டும் தாண்டிட்டு எடுத்துட்டுப் போங்க."

ஜப்பானில் உரிமம் வாங்க அது ஒரு தேர்வு. ஒரு அடி அகலம், ஐம்பது அடி நீளம், நாலு விரல் உயரப் பலகை. அதன்மேல் பைக்கை ஓட்டவேண்டும். வேகமாகப் போனால் தோல்வி. கடக்க ஏழு நொடிக்குக் குறையாமல் எடுக்கவேண்டும். விழாமல், காலை ஊன்றாமல். பலகை தாண்டாதவனுக்கு அவள் பத்தொன்பது வருஷம் சாவி கொடுத்ததில்லை. கிளைட்டின் சிநேகிதன் என்பதற்காகக் கொடுத்துவிடுவாளா?

நாற்பது வருஷம் ஓட்டியவன் நான் என்று வெண்டல் சிரித்தான். அந்தச் சிரிப்புச் சனிக்கிழமை காலை வரைதான் இருந்தது. புத்தர் கோயில் கார் நிறுத்தத்தில் கிளைட் பலகைகளை இணைத்துப் போட்டிருந்தான். வெண்டல் ஏறினான். கிளட்சை விட்டான். இரண்டாம் நொடியில் பலகையை விட்டு இறங்கினான். அடுத்த தடவை மூன்றரை நொடியில் மறுமுனைக்குப் போய்விட்டான்.

"வேகம்," என்றாள் சடோமி, கையில் நிறுத்தக்கடிகாரத்தோடு. "மன்னிக்கணும். மறுபடி வாங்க."

மூன்றாவது தடவை வண்டியோடு சாய்ந்தான். விழுவதற்கென்றே இரண்டு பக்கமும் கம்பி வைத்த வண்டி, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு முழங்கை தேய்ந்தது.

"தயவுசெஞ்சு முதல்ல வண்டியத் தூக்குங்க. அப்பறம் உங்களத் தூக்கிக்குங்க," என்றாள் அவள், மரியாதை குறையாமல்.

ஒன்பது சனிக்கிழமை இப்படிப் போனது. ஊர்க்காரர்கள் காப்பிக் கோப்பையோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். "வெண்டல், இன்னிக்கு மீட்டர் எத்தன காட்டுது?" என்று கேட்டான் ஒருவன். ஐந்து நொடிக்கு மேல் அவனால் முடியவில்லை. மறுமுனையைப் பார்த்தாலே அவன் கை தானாகத் திருகிவிடும். ஆசைப்பட்டது அவ்வளவு கிட்டத்தில் இருந்தால் யாரால் மெல்லப் போகமுடியும்? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல், அந்த நானூறை அவன் முதல் கியரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தான். நீல விளக்கு அவனைப் பார்த்து எரிந்துகொண்டே இருந்தது.

பத்தாவது சனிக்கிழமை ஷெர்லீன் எல்லாருக்கும் முசுபி கட்டிக்கொண்டு வந்தாள், சோற்றுக்கட்டிமேல் வறுத்த ஸ்பாம் டப்பா இறைச்சி வைத்து. வெண்டல் நாலு தடவை இறங்கி, ஒரு தடவை விழுந்து, ஓரமாகப் போய் உட்கார்ந்தான். சடோமி ஷெர்லீனைப் பார்த்தாள்.

"நீங்க ஒரு தடவ?"

"ஐயோ, நானா? காலேஜ் போறப்ப அப்பாவோட தோட்டத்து பைக்க ஓட்டினதோட சரி."

"உரிமம் இருக்கா?"

ஷெர்லீன் வெட்கப்பட்டாள். "இருக்கு. ஒவ்வொரு தடவையும் கார் உரிமம் புதுப்பிக்கிறப்ப அதையும் சேத்துப் புதுப்பிச்சுட்டுதான் இருக்கேன்."

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். வெண்டலுக்கு இது தெரியாது.

மீதி முசுபியைக் கிளைட்டிடம் கொடுத்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, வெண்டலின் தலைக்கவசத்தையே வாங்கி மாட்டிக்கொண்டு ஏறினாள். இரண்டு சுற்று கார் நிறுத்தத்தைச் சுற்றினாள். அப்புறம் பலகைமேல் ஏறினாள். கொதிக்கும் குழம்புச்சட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கிறவள் மாதிரி, எங்கேயும் போய்ச்சேர அவசரமில்லாமல் வந்தாள். சடோமி கடிகாரத்தை அமுக்கினாள்.

"ஒன்பது புள்ளி இரண்டு," என்றாள். குனிந்து, இரண்டு கையாலும் சாவிக்கொத்தைக் காட்டி வணங்கினாள். "எடுத்துட்டுப் போங்க."

கூட்டம் கைதட்டியது. வெண்டலும் தட்டினான். உள்ளே எரிந்த எரிச்சலுக்கு அந்தச் சத்தம் பத்தவில்லை. ஒன்பது வாரமாகத் தேய்ந்த முழங்கை அவனுடையது, மலைச்சாலை அவளுக்கா?

ஆனாலும் கெட்டிக்காரன், ஒரு வழி கண்டுபிடித்தான். ஓட்டக் கிடைக்காவிட்டால் கேட்கவாவது கேட்கலாம். ஷெர்லீன் பைக்கில் முன்னால் போக, மற்றவர்கள் கிளைட்டின் பிக்கப்பில் சேடில் என்ற அந்த மலைச்சாலையில் ஏறினார்கள். எரிமலைக்கல் வெளியில் சாலை அம்பு மாதிரி மேலே ஏறும் ஒரு இடத்தில் வெண்டல் இறங்கிக்கொண்டான்.

"ரெண்டாவது கியர். நான் நிக்கிற எடத்துல முள்ளு ஆறாயிரத்தத் தாண்டணும். விடாத. கேக்குதா? விட்டுறாத, ஷெர்லீன்."

"சரி சரி, கத்தாத."

அவள் கீழே போய்த் திரும்பி வந்தாள். பச்சை விளக்கு தெரிந்தது. எஞ்சின் ஏறியது, ஏறியது. வெண்டல் மூச்சைப் பிடித்துக்கொண்டான். இதோ, குரல் உடைந்து மாறும் அந்த ஒரு கணம். மாறியது. மாறின உடனே அறுந்துபோனது. வண்டி தளர்ந்து அவன் முன்னால் வந்து நின்றது.

"என்ன ஆச்சு?" என்று அலறினான்.

"சத்தம் ஒரு மாதிரி ஆயிடுச்சு வெண்டல். என்னமோ ஒடஞ்சுபோச்சுன்னு பயந்து விட்டுட்டேன்."

வெண்டல் தலையில் அடித்துக்கொண்டான். கிளைட் பிக்கப்புக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சடோமிகூட வாயைக் கையால் மூடிக்கொண்டாள். ஷெர்லீன் மட்டும் சிரிக்கவில்லை. கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"அது ஒடஞ்சது இல்லையா?"

"அதான் நான் சொன்ன சத்தம்!"

"அப்படியா," என்றாள் மெதுவாக. "இரு, இன்னொரு தடவ பாத்துட்டு வரேன்."

திரும்பவும் கீழே போய் வந்தாள். இந்தத் தடவை விடவில்லை. முனகல் பாட்டாயிற்று, பாட்டு அவனைத் தாண்டி மேட்டில் ஏறியது. விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளானது. அது போன பக்கம் பார்த்தபடி நின்றான். மூடுபனிக்குள் வண்டி போய்விட்டது, சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. கேட்டாகிவிட்டது. இருபத்தைந்து வருஷமாக ஏங்கியதைக் காதாரக் கேட்டாகிவிட்டது. எரிச்சல் ஏன் தணியவில்லை என்று அவனுக்குப் புரியவில்லை.

ஐந்து நிமிஷத்தில் வரவேண்டியவள் நாற்பது நிமிஷம் கழித்து வந்தாள். கவசத்தைக் கழற்றினாள். தலைமயிர் ஈரமாக ஒட்டியிருந்தது, மூக்கு சிவந்திருந்தது. அந்த முகத்தை வெண்டல் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்று இல்லை, மகள் பிறந்தன்று இல்லை. அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது, தான் இப்போது பொறாமைப்படுவது வண்டி ஓட்டியவள்மேல் அல்ல, அந்த வண்டிமேல்.

"எவ்வளவு தூரம் போன?"

"தெரியல. மேகத்துக்கு மேல வெயில் அடிச்சுது." அவள் எஞ்சினை நிறுத்தாமல் அவனைப் பார்த்தாள். "இத ஏன் நீ எங்கிட்டச் சொல்லல, வெண்டல்?"

"சொல்லலையா? இருபத்தஞ்சு வருஷமா ராத்திரி பகலா வேற என்ன சொன்னேன்?"

"உனக்கு வேணும் உனக்கு வேணும்னு சொன்ன," என்றாள் ஷெர்லீன். "உனக்குப் புடிக்குமான்னு எங்கிட்ட ஒரு தடவ கேட்டியா?"

சடோமி பிக்கப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷெர்லீன் கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டு, வீட்டுக்குத் தான் இதிலேயே வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.