இரண்டு ஆள் தூக்கும் பெட்டி

என்னுடைய பழைய ஆம்ப்ளிஃபையரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதன் பெரிய குறை அதுதான் என்று எங்கள் இசைக்குழுவில் எல்லோரும் சொன்னார்கள். அதில் நல்லது என்று ஒன்று இருந்ததென்றால் அதுவும் அதுதான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கம். துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கும் குமாஸ்தாவாக இருந்தேன். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறை. அப்பா, அம்மா போன பிறகு அந்த அறையில் சத்தம் போடுவதற்கு இருந்தது என் கிட்டார் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண வீடுகளில் வாசிப்பேன். குழுவில் மற்றவர்கள் பெரம்பூர் ரயில்வேக்காரர்கள். வருவார்கள், வாசிப்பார்கள், சாப்பிட்டுக் கை கழுவியதும் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குப் போக வீடு இருந்தது.

அந்த ஆம்ப்ளிஃபையர் ஏதோ வெளிநாட்டுக் கப்பலில் மாலுமிகள் வைத்திருந்தது. கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. தேக்குப் பெட்டி, உள்ளே கண்ணாடி வால்வுகள், ஒரு ஓரத்தில் அம்மிக்கல் கனத்தில் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். ஸ்விட்சைப் போட்டவுடன் பேசாது. வால்வு சிவக்க வேண்டும், தொண்டையைச் செரும வேண்டும், அப்புறம்தான் பாட்டு. ரிக்‌ஷாவில் ஏற்றினால் குலுங்கி வால்வு போய்விடும். பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் என்னையும் சேர்த்து இறக்கிவிடுவார்.

இதற்கு வழி சொன்னவன் என் தோஸ்து. கடலுக்குப் போகிறவன். ஈர வலையை மூங்கில் கழியில் தொங்கவிட்டு, ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்துக் கரையேற்றுவார்கள். அதேபோல் என் பெட்டியையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். தூளி மாதிரி ஆடிக்கொண்டு வந்தது. ஒரு வால்வுகூடப் போகவில்லை. குள்ளன் முன்னால், உயரமானவன் பின்னால் என்பது அவர்கள் வழக்கம். நான் குள்ளன். டிரான்ஸ்ஃபார்மர் இருந்த கனமான பக்கம் எப்போதும் அவன் தோளுக்குத்தான்.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எங்கே கல்யாணமோ அங்கே நடந்தோம். கழி தூக்குகிறவர்கள் முகம் பார்த்துப் பேச முடியாது. திரும்பினால் கால் பிசகும், பெட்டி ஆடும். நான் ரோட்டைப் பார்த்துப் பேசுவேன், அவன் என் முதுகைப் பார்த்துப் பேசுவான். அவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய் இனி வரமாட்டேன் என்று சொல்லியனுப்பியதை என் முதுகிடம்தான் சொன்னான். எனக்குப் பார்த்த பெண் வீட்டிலும் வேண்டாம் என்றுவிட்டதை, எதிரே வந்த லாரியைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன். "வுடு மாமு, அதுக்கு குடுத்து வைக்கல" என்று பின்னாலிருந்து வந்தது. எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் இரண்டு பேரும் மீன் விலையைப் பற்றித்தான் பேசியிருப்போம்.

கல்யாண மண்டபத்தில் அவன் பெட்டிக்குப் பின்னால் குந்திக்கொள்வான். அது கரகரத்தால் விரல் முட்டியால் பக்கவாட்டில் ஒரு தட்டு. சரியாகிவிடும். சாப்பாட்டுக்கு இத்தனை பேர் என்று எங்கள் குழுத் தலைவர் கல்யாண வீட்டில் முன்கூட்டியே சொல்லும்போது, 'பெட்டி ஆள்' என்று அவனையும் சேர்த்துக்கொள்வார். பந்தியில் எனக்கு அடுத்த இலை அவனுடையது.

ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளையும் பெண்ணும் உள்ளே நுழைகிற நேரம் பார்த்துப் பெட்டி அடியோடு படுத்துவிட்டது. அவன் தட்டினான், நான் தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. தலைவருக்கு முகம் சிவந்துபோனது. "இந்தக் கிழத்தைக் கொண்டுபோய்க் கடல்ல போடுப்பா!" அடுத்த மாதமே வால்வு இல்லாத டிரான்சிஸ்டர் செட் வந்தது. ஒரு கையில் தூக்கலாம். ஸ்விட்சைப் போட்ட நிமிஷமே பாடும். பொய் சொல்லக் கூடாது, சத்தம் நன்றாகவே இருந்தது. "இனி பெட்டி ஆள் வேணாம், ஒரு இலை குறைச்சுச் சொல்லிடலாம்" என்றார் தலைவர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் தலையைப் படிய வாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு என் அறை வாசலில் நின்றான். புதுப் பெட்டியைக் காட்டினேன். ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "சோக்கா கீது மாமு. பூ மாரி கீது." அப்புறம் கழியை எடுக்காமலே போய்விட்டான்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன், வந்தேன். வாரம் முழுக்க யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்தேன் என்பது அடுத்த ஞாயிறுதான் உறைத்தது. அவனைச் சும்மா வா என்று கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் எதையாவது தூக்குவதற்குத்தான் ஒன்றுகூடுவார்கள். படகு, சப்பரம், பிணம். சும்மா கூப்பிடுவது எப்படி என்று எனக்குத் தெரியாது.

ஆகவே ஒரு வேலை செய்தேன். பழைய தேக்குப் பெட்டிக்குள் புது செட்டை வைத்தேன். கனத்துக்காக அந்த டிரான்ஸ்ஃபார்மரையும் உள்ளே முடுக்கினேன். தலைவரிடம் ஒரு இலை கூடுதலாகச் சொல்லச் சொன்னேன். "மரப் பெட்டியிலதான் சத்தம் எடுக்குது மாமு, வந்து ஒரு கை புடி" என்று அவனைக் கூப்பிட்டேன். உடனே வந்தான். திருவொற்றியூர்க் கல்யாணம். காலை வெயிலில் கழியைத் தோளில் வைத்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

பாதி வழியில் அவன் நின்றான்.

"இன்னா மாமு, கனம் உன் பக்கம் கீது?"

இரும்பை மறுபக்கம் முடுக்கியிருந்தேன். எத்தனையோ முறை தூக்கிய எனக்கு அது தோன்றவேயில்லை. கனம் என் தோளுக்கு வந்ததே இல்லையே. ஒரு பெட்டிக்கடை ஓரமாக இறக்கிப் பின்பலகையைக் கழற்றினான். பெரிய பெட்டிக்குள் புது செட் சின்னதாக உட்கார்ந்திருந்தது. ஒயர் எதுவும் இல்லாமல் அந்த இரும்பு.

"இது இன்னாத்துக்கு?"

"சவுண்டுக்கு."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "கூட வரணும்னா வாடான்னு ஒரு வார்த்த சொன்னா வரமாட்டேனா? இரும்பத் தூக்கிகினுதான் வரணுமா?" என்றான்.

வாடா என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். முகத்துக்கு நேரே எனக்கு வாய் வரவில்லை. "லேட்டாவுது" என்றேன்.

இரும்பைக் கழற்றிக் கடை ஓரமாகத் தள்ளினான். கழியை என் கையில் கொடுத்தான். பெட்டியை ஒற்றை ஆளாகத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தான். முதல் முறையாக அவன் முதுகை நான் பார்த்துக்கொண்டு போனேன். அந்த முதுகிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் எட்டி நடந்தான், என்னால் எட்டிப்பிடிக்க முடியவில்லை. மண்டபத்தில் பெட்டியை இறக்கி, நான் ஸ்விட்சைப் போடும்வரை நின்றான். உடனே பாடியது. "தட்டுற வேலகூட இல்ல" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே போய்விட்டான்.

பந்தியில் எனக்கு அடுத்த இலையில் பிரியாணி வைத்துவிட்டார்கள். ஆள் வருகிறாரா என்று பரிமாறுகிறவர் கேட்டார். வருவார் என்றேன்.

தேக்குப் பெட்டியை மண்டபத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். ஒரு கையில் புது செட், மறு கையில் கழி. கழி அவனுடையது, திருப்பிக் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை. நடந்தேன். அன்றைக்குக் கோயிலில் மாப்பிள்ளை மோதிரத்தைக் கீழே போட்டுவிட, பாதிரியாரும் சேர்ந்து குனிந்து தேடியதாகப் பந்தியில் பேசிக்கொண்டார்கள். அவன் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பான். "மாமு, இன்னிக்கு கோயில்ல நடந்த கூத்தக் கேட்டியா" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்து, மோதிரம் உருண்ட இடம்வரை சொல்லிவிட்டேன். பின்னாலிருந்து சிரிப்பு வராததால்தான் திரும்பிப் பார்த்தேன். மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று என்னை ஒட்டி வந்துகொண்டிருந்தது.

"ஓரமா போ நைனா" என்றார் வண்டிக்காரர். ஒதுங்கி நின்றேன்.