மூன்று முறை சொன்ன பெயர்

இந்த ஜெர்மன் ஊரில் மாடிக் கட்டடத்துக்குத்தான் எண், உள்ளே இருக்கும் வீடுகளுக்குக் கிடையாது. வாசல் மணிக்குப் பக்கத்தில் குடும்பப் பெயரை ஒட்டிவைக்க வேண்டும். ஒட்டாவிட்டால் தபால் திரும்பிப் போய்விடும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் உள்ளபடி என் வீட்டுக்காரர் செல்வத்தின் அப்பா பெயரையும் என் அப்பா பெயரையும் மேலும் கீழுமாக ஒட்டினோம். கீழ்வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, கல்யாணம் எப்போது என்று கேட்டார். ஆகிவிட்டது என்று சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. இன்றுவரை என்னை "ஃப்ராவ் ராமசாமி", அதாவது திருமதி ராமசாமி, என்றுதான் கூப்பிடுகிறார். மகளே இல்லை என்று என்னைத் தலைமுழுகிய மனிதரின் பெயர் அது. அதற்கு நான் தினமும் படிக்கட்டில் நின்று "குட்டன் மார்கன்" என்று காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் நாட்டரசன்கோட்டைக்குப் பக்கம். என் வீட்டில் நிலம் இருந்தது; செல்வத்தின் வீட்டார் எங்களைப் போன்றவர்களின் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். சாதி வேறு என்று நான் சொல்லித்தானா உங்களுக்குத் தெரிய வேண்டும்! காரைக்குடியில் ஒரே ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தோம், பழகினோம், பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றைக்கே கோவைக்குப் பஸ் ஏறினோம். ஐந்து மாதம் ஓடியது. ஒரு நாள் காலை செல்வம் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது என் அண்ணன் இரண்டு பேரோடு வந்து நின்றார். அரிவாளைச் செல்வத்தின் கழுத்தில் வைத்து, "எங்குட்டுப் போனாலும் தேடி வருவேன்டா. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு" என்றார். குழாயடிப் பெண்கள் போட்ட கூச்சலில்தான் அன்று உயிர் தப்பியது. வாசலில் நின்ற என்னை அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் சுற்றுலா விசாவில் இங்கே வந்து அடைக்கலம் கேட்டோம்.

இங்கே புருஷனையும் பெண்டாட்டியையும் தனித்தனி அறையில் வைத்து விசாரிக்கிறார்கள். அப்போது எனக்கு நான்காம் மாதம். எதிரே ஓர் அதிகாரி அம்மாள், பக்கத்தில் யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் தம்பி. கோவையில் உங்களை மிரட்டியது யார் என்று கேட்டார்கள். வாய் வரை வந்த பெயர் அங்கேயே நின்றுவிட்டது.

"யாரோ மூணு பேரு. யாருன்னு தெரியலைங்க" என்றேன்.

"அக்கா, தெரியாத ஆக்கள் எண்டே சொல்லவோ?"

"ஆமாங்க, தெரியாத ஆளுக."

அடுத்த அறையில் செல்வம் என் அண்ணன் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். இருவர் பேச்சும் ஒத்துவரவில்லை, இவர்கள் சொல்வதை நம்ப முடியாது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். எங்களைத் தங்கவைத்திருந்த அகதி முகாமின் பொதுச் சமையலறையில் வைத்துத்தான் செல்வம் அந்தக் கடிதத்தைக் காட்டினார். பக்கத்து அடுப்பில் ஒரு சிரியாக்காரர் கத்திரிக்காய் சுட்டுக்கொண்டிருந்தார்.

"யாரோன்னு ஏன் புள்ள சொன்ன?"

"அண்ணன் மடியில உக்கார வச்சுத்தானங்க நாளைக்கு நம்ம பிள்ளைக்குக் காது குத்தணும். அவுக பேரை எப்படி எழுதிக் குடுக்கிறது?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "என் பிள்ளையவா? அவுக மடியிலயா?" என்றார். சிரிப்பு நின்ற பிறகு கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. நம் பக்கத்தில் தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்கு ஒரு நல்லது நடக்காது. அது எனக்குள் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்றால், அந்த மடிக்குரியவர் கையில் அரிவாள் வைத்திருந்ததுகூட இரண்டாவதாகத்தான் பட்டது. கட்டியவரின் உயிரை நான் அன்று பந்தயம் வைத்திருக்கிறேன்.

மேல்முறையீடு நீதிமன்றத்துக்கு வந்தபோது மகளுக்கு ஏழு மாதம். இந்த முறையும் தோற்றால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். முதலில் ஏன் பொய் சொன்னீர்கள் என்று நீதிபதி கேட்டார். காதுகுத்தைப் பற்றிச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. கணவரைக் கொல்ல வந்தவரின் மடியில் குழந்தையை உட்கார வைப்பீர்களா என்று திரும்பக் கேட்டார்.

"அப்ப வைக்கலாம்னுதான் நெனச்சேங்க. இப்பப் பயமா இருக்கு" என்றேன். செல்வம் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.

பிறகு பெயரைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். நீதிபதி அதை ஒலிப்பதிவுக் கருவியில் திருப்பிச் சொல்லப் பார்த்தார், வாயில் வரவில்லை. மறுபடி கேட்டார். மூன்று முறை சொல்ல வைத்தார். மூன்றாவது முறை என் குரல் எனக்கே கேட்கவில்லை. உங்களிடம் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து, இங்கேயே இருக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. செல்வம் அதைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். நானும் அழுதேன். இனி நிம்மதியாகத் தூங்குவார் என்ற சந்தோஷம் உண்மையாகவே இருந்தது. பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஒரு பயணப் புத்தகமும் கொடுத்தார்கள், இந்தியா தவிர எல்லா நாட்டுக்கும் போகலாமாம். கொடுத்த பெண் என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டுக் கை குலுக்கி வாழ்த்துச் சொன்னார்.

தீர்ப்பைத் தொலைத்துவிடாதீர்கள், எங்கே போனாலும் கேட்பார்கள் என்று வக்கீல் சொன்னதால் நான்கு நகல் எடுத்து வைத்தோம். அண்ணன் அரிவாளோடு வந்தது அதில் விவரமாக இருக்கிறது. எனக்கு டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் சாக்கை விரித்துப் படுத்திருந்தவரும் அவர்தான். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கோவைக்குப் பஸ் ஏறின அன்று அவசரத்தில் குடும்பப் போட்டோ ஒன்றுகூட எடுத்துவரவில்லை. இந்த நாட்டில் அண்ணனுடையது என்று என்னிடம் இருப்பது அந்த நான்கு நகல்கள்தான்.