பின்சீட்டுக்குக் கீழே அழுத பேய்

வாடகைக்கு ஓட்டும் என் காருக்குள் பேய் அழுகிறது என்று நம்பினேன். நாற்பத்தைந்து வயதில் நம்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பழைய காரைத் திருவள்ளூர்த் தரகர் ஒருவரிடம் அப்போதுதான் வாங்கியிருந்தேன். மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டியைத் தாண்டும்போது பின்சீட்டுக்குக் கீழே ஊளை கிளம்பியது. சாலையோரம் சுடுகாடு. உடனே வண்டியை நிறுத்தி, ஊறுகாய்க்கு வாங்கிய எலுமிச்சம்பழங்களைச் சக்கரங்களுக்கு அடியில் வைத்து, வண்டியை ஏற்றி நசுக்கினேன். ஊளை இன்னும் அதிகமானது.

"நீ ஆக்ஸிலேட்டர மிதிச்சாதான்யா அது அழுவுது. காலை எடுத்தா கம்முனு கீது. பேய்க்கு உன் காலு மேல இன்னா கோவம்?" என்றாள் மனைவி.

ஆரம்பாக்கத்தில் மெக்கானிக் பின் அச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷியலின், அதாவது சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியின், அடித்திருகைக் கழற்றினார். எண்ணெய் ஒழுகவில்லை, கூழாகப் பொத்தென்று விழுந்தது.

"சத்தத்த அமுக்க ஆயில்ல மரத்தூளு கலந்துகீறாங்க நைனா, வண்டி ஓட ஓட அது தாங்கல. உள்ள பல்லு தேஞ்சிபோச்சு. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா சக்கரம் பூட்டிக்கினு வண்டியே கவுந்திருக்கும்."

வண்டியை அங்கேயே பழுதுபார்க்க விட்டோம். நேரே தரகரிடம் போய்க் கத்தினேன். அவர் டீ கிளாசைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சத்தம் வராம இருக்க எல்லாரும் போடறதுதான். இதுக்குப் போயி பேஜாரு பண்றியே."

இப்போதெல்லாம் மாதந்தோறும் அந்தத் திருகைக் கழற்றி, எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கிறேன். பழைய வண்டி வாங்குபவர்களும் முதலில் அதைச் செய்யுங்கள்.

பேய் எதுவும் இல்லை. தேய்ந்த பல்லை மரத்தூளால் ஊமையாக்கிவிட்டு, விற்ற அன்று அந்தத் தரகரே என் சின்ன மகளைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தார்.